மிளகளவு மூன்று பொட்டு

கோமளவல்லியின் பல்செட் தினமும் அவளுக்கு முன்பே எழுந்து பேப்பர் படித்துவிடும். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்று இளைய மகள் சாருலதாவுக்கு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது சபையில் ஒருவர் “பெண்ணைக் கொடுத்தோம்” என்று சொல்ல வேண்டும். அப்பா இல்லை. அம்மாதான் சொல்ல வேண்டும் என்று சாருலதா ஒற்றைக்காலில் நின்றாள்.

மூத்தவளின் நிச்சயத்திலும் கோமளவல்லிதான் சொன்னாள். அன்று பல்செட் வெற்றிலைத் தட்டில் விழுந்து, தட்டோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், மூன்று நாள் விருந்து சாப்பிட்டுத் திரும்பியது. அந்தப் பயத்தில் இன்று முக்கால் டியூப் பசையைப் பிதுக்கிப் பல்செட்டை ஒட்டிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா வைத்திலிங்கம் காலையிலிருந்து ஸ்டாண்ட் ஃபேனாக இருந்தார். மரியாதை கருதி யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“சொல்லுங்க சம்பந்தி,” என்றார், தலையை இடமிருந்து வலமாகத் திருப்பியபடி.

பசை மேலும் கீழும் சேர்ந்து ஒட்டியதில் கோமளவல்லிக்கு வாய் திறக்கவில்லை. மண்டபம் திடீரென்று முப்பது அடி நீண்டது. சாருலதா கடுகளவு தெரிந்தாள். கோமளவல்லிக்கு அழுகை முட்டியது.

கை கழுவும் இடத்துக்கு ஓடினாள். வெந்நீரில் கொப்பளித்துக் கொப்பளித்துப் பல்செட்டைக் கழற்றினாள்.

“ஏன் கோமளா, சுவத்துக்குச் சுண்ணாம்பா அடிக்கிற?” என்றது அது.

“விழுந்துட்டா?”

“என்னைக் கழுவித் தொடை. பசையை மிளகளவு மூணு பொட்டு வை. ஓரத்துல வேணாம். கடிச்சுக்கிட்டுப் பத்து எண்ணு.”

“அப்பவும் ஆடினா?”

“டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. பசை என்ன பண்ணும் பாவம்?”

மீதிப் பசையில் மூன்று பொட்டு வைத்து, கடித்துக்கொண்டு எண்ணினாள். ஏழாவதில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை பாடுபட்டுச் சொல்லப்போகும் இந்த வார்த்தையை யார் முதலில் சொல்லியிருப்பார்கள்? அவருக்குப் பல் இருந்ததா?

மண்டபம் இன்னும் பத்தடி நீண்டிருந்தது. நடந்தே போனாள்.

“பெண்ணைக் கொடுத்தோம்னு சொல்லுங்க,” என்றார் வைத்திலிங்கம்.

“அவ என்ன தட்டுல வைக்கிற தேங்காயா? அவளையே கேளுங்க.”

ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்தது. ஃபேன் நின்றது. மண்டபம் பழைய அளவுக்குச் சுருங்கியது. சாருலதா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“எனக்குச் சம்மதம்மா,” என்று சிரித்தாள். கோமளவல்லியும் வாய்விட்டுச் சிரித்தாள்.

சபையில் எல்லோரும் தங்கள் பற்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் பல் ஆடியது.