கிளேஸ் பூசாத குழல்

கணவன் பூபாலனின் கையை வீடியோவில் மிக அருகில் காட்டப்போவதாகப் பாரதி தொலைபேசியில் சொன்ன அன்றுதான், அவன் விரலில் மாட்டிக் கிட்டார் வாசிக்கும் குழல் எவ்வளவு அழுக்காக இருக்கிறது என்பது தேவியின் கண்ணை முதன்முதலாக உறுத்தியது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பளபளப்பு ஏற்றும் பூச்சான கிளேஸில் சரக்கை முக்கும் வேலை அவளுடையது. ஃப்யூஸ் கட்டைகளும் இன்சுலேட்டர்களும் சூளைக்குப் போகும் முன் அவள் தொட்டிக்கு வரும். ஒவ்வொன்றையும் கிளேஸ் கலவையில் முக்கி எடுத்து, அடிப்பகுதியை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்க வேண்டும். கை சற்றே நடுங்கினாலும் ஓரத்தில் சொட்டு நிற்கும். நின்ற சொட்டு சூளையில் உருகிக் கட்டியாக ஒட்டும். அந்தச் சரக்கு கழிவு மேட்டில்தான் விழும். தேவி முக்கிய சரக்கில் சொட்டு நின்றதாக எந்த மேஸ்திரியும் சொன்னதில்லை. பளபளக்காத பீங்கான் அவளைப் பொறுத்தவரை பாதியில் விட்ட வேலை. தலை வாராமல் கல்யாணத்துக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல் அதைப் பார்ப்பாள்.

பூபாலனின் குழல் அப்படிப்பட்டது. பீங்கான் மாவை அச்சில் அழுத்தும் அச்சுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹீட்டர் கம்பிக்கு மாட்டும் குழாய் ஒன்றை விரல் நீளத்துக்கு வெட்டி, கிளேஸ் பூசாமலே சூளையில் வேகவைத்து எடுத்துக்கொண்டான். அதை இடக்கைச் சுண்டுவிரலில் மாட்டிக் கிட்டார்த் தந்தியின் மேல் வழுக்கினால், ஒலி ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்குத் தாவாமல் இழைந்து போகும். இதையே கண்ணாடியிலும் இரும்பிலும் செய்து ஸ்லைடு என்ற பெயரில் கடைகளில் விற்கிறார்கள் என்பது அவனுக்குப் பின்னால்தான் தெரிந்தது. வருடக்கணக்கில் தந்தியில் தேய்ந்தும் துருவும் வியர்வையும் ஏறியும், வெள்ளையாகப் பிறந்த குழல் கரிச்சட்டியின் அடிப்பக்கம்போல் ஆகியிருந்தது.

'கந்தகம்' என்ற ராக் குழு வெளியிட்ட ஒரே கேசட்டில் அவன் அந்தக் குழலைக் கொண்டுதான் வாசித்தான். அது புதுச்சேரியில் படித்துக்கொண்டிருந்த வசதியான வீட்டுப் பையன்கள் சேர்ந்து தொடங்கிய குழு. சனிக்கிழமை வேலை முடிந்ததும் கைகால் மாவைக் கழுவிவிட்டு, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவான். கேசட் வெளிவந்தபோது, அட்டையில் கிட்டார் என்பதற்கு நேரே மாணிக்கவேல் என்ற பெயர் மட்டும் இருந்தது. மாணிக்கவேலும் கிட்டார் வாசித்தவன்தான்; ஆனால் பாட்டுக்குப் பின்னால் தாளக்கட்டு பிடித்துக்கொண்டிருந்தவன்.

"அடுத்த கேசட்டுல ஒன் பேரு பெருசா வரும், பூபாலா" என்றான்.

அடுத்த கேசட் வரவில்லை. குழு கலைந்தது. மாணிக்கவேல் சென்னையில் இசைப் பள்ளி நடத்தப் போனான். பூபாலன் அச்சுப் பிரிவிலேயே இருந்து, மாவுத் தூசியை மூச்சாக இழுத்து, நுரையீரலைக் கல்லாக்கிக்கொண்டான். நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தேவியை மட்டும் வெளியே அழைத்துப் பேசினார்.

இந்த நிலையில்தான் யாரோ அந்தப் பழைய கேசட்டை இணையத்தில் ஏற்றினார்கள். கடைசிப் பாட்டின் முடிவில் பூபாலன் வாசித்த நீண்ட பகுதியைக் கேட்டுவிட்டு, இப்படி ஒரு கிட்டார் நம் பக்கத்தில் இருந்ததா என்று இளைஞர்கள் வியந்தார்கள். வாசித்தது நான்தான் என்று மாணிக்கவேல் பேட்டி கொடுத்தான். கவனிக்கப்படாமல் போன ராக் கிட்டார்க்காரர்களைத் தேடிப் படம் எடுத்து வெளியிடுபவள் பாரதி. அவளிடம் அந்தக் குழுவின் பழைய டிரம்ஸ்காரர், "அது மாணிக்கவேல் கை இல்லம்மா, விருத்தாசலத்துலேருந்து ஒரு ஆளு வருவாரு" என்று சொல்லிவிட்டார்; கேமரா முன்னால் அதைச் சொல்ல மட்டும் மறுத்துவிட்டார். ஊரையும் தொழிலையும் வைத்துக்கொண்டு, அவள் பூபாலனைக் கண்டுபிடித்தாள்.

"அந்தக் கடைசிப் பகுதிய அண்ணன் கேமரா முன்னால வாசிச்சாப் போதும்க்கா. அந்தக் கரகரப்பு ஒருத்தர் கையிலதான் வரும். கேட்டா யாருக்கும் சந்தேகமே இருக்காது" என்றாள் பாரதி.

கட்டிலில் சாய்ந்திருந்த பூபாலன் அன்று தேவியிடம் சொன்னான்.

"செத்த பொறவு போஸ்டர்ல எல்லாருக்குந்தான் பேரு போடறாங்க. உசுரோட இருக்கறப்ப ஒரு தடவ வரட்டும், தேவி. வேற ஒண்ணும் வேணாம்."

அவன் தன் வாழ்நாளில் அவளிடம் எதையும் கேட்டுப் பழகியவன் அல்லன். அதனால்தான் அந்தச் சொல் அவளைப் பிடித்து ஆட்டியது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அவனுக்குப் புதுச் சட்டை எடுத்தாள். கச்சேரிக் குழு வைத்திருந்த தங்கராசுவிடம் சொல்லி ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்பாடு செய்தாள். கடைசியாக, பவுடர் டப்பாவிலிருந்த குழலைக் கையில் எடுத்தாள். உலகமே பார்க்கப்போகிற கையில் இந்தக் கழிவுத் துண்டா? கரகரப்பு கையில் இருக்கிறது என்று பாரதியே சொல்லிவிட்டாள். கைக்கு மாட்டுவது பளிச்சென்று இருந்தால் என்ன குறைந்துவிடும்?

மூச்சுத் திணறல் அதிகமாகிப் பூபாலன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் அவள் அதைச் செய்தாள். வெந்து இறுகிய பீங்கான் கிளேஸைக் குடிக்காது. முக்கினால் தண்ணீர்போல் வழிந்துவிடும். அது தெரியாதவர்கள்தான் கெடுப்பார்கள். தேவி குழலைச் சலவைச் சோடாவில் ஊறவைத்துக் கறை போகத் தேய்த்தாள், அடுப்பில் சூடாக்கினாள், கலவையில் கொஞ்சம் பசை சேர்த்து, சூடு ஆறுவதற்குள் முக்கி, காயவிட்டு, மறுபடியும் முக்கினாள்.

பக்கத்துத் தொட்டியில் இருந்த அம்புஜவல்லி எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குடி மோதிரம்? ஒன் வூட்டுக்காரருக்கு ரெண்டாங் கண்ணாலமா?"

"ஆமாம். பொண்ணு நாந்தான். நீ வந்து மொய் எழுது."

சூளை அடுக்கும் பழமலைநாதன்தான் தயங்கினான். "வெந்தத மறுபடி வேகவெக்கறதா? வெடிச்சிடுங்க்கா."

"வெடிக்காது. ஓரத்துல வெக்காத, நடுத்தட்டுல வையி. ஃப்யூஸ் கட்டைக்கு நடுவுல எவன் பாக்கப்போறான்?"

பூபாலன் வீட்டுக்கு வந்ததும் முதலில் பவுடர் டப்பாவைத்தான் திறந்தான்.

"எங்க தேவி?"

"பத்தரமா இருக்குது. அவங்க வந்ததும் தரேன்."

"வெளையாடாத. ஒரு தடவ வாசிச்சுப் பாக்கணும்."

"முகூர்த்தத்துக்கு முன்னால பாக்கக் கூடாது."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அவனை இரண்டாக மடக்கியது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இனி வாசித்துப் பார்க்கும் தெம்பை மிச்சம் பிடிப்பதே நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

படம் எடுக்கும் நாள் காலையில்தான் சூளையைப் பிரித்தார்கள். குழல் வெடிக்கவில்லை. கோணவில்லை. பால்போல் வெளுத்து, வானத்து வெளிச்சம் அதில் கோடாக ஓட, கடையில் வாங்கியதைவிட அழகாக இருந்தது. சூளைச் சூடு விட்டுப்போகாத அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு தேவி வீட்டுக்கு விரைந்தாள்.

பாரதி ஏற்கெனவே வந்திருந்தாள். கூடத்தில் விளக்கை நிறுத்தி, கேமராவைத் தாழ்த்திக்கொண்டிருந்தாள். பூபாலன் புதுச் சட்டையில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, மடியில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தான். தேவி அவன் உள்ளங்கையில் பொட்டலத்தை வைத்தாள்.

அவன் பிரித்தான். கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னாது இது?" குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"ஒங்களுதுதாங்க. நாந்தான் முக்கிச் சூளையில வெச்சேன். எப்பிடி இருக்குது?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். கால் வைக்க வேண்டிய படி அங்கே இல்லாததைக் கண்டவன் பார்க்கும் பார்வையாக அது இருந்தது.

"அண்ணா, ஆரம்பிக்கலாமா?" என்றாள் பாரதி.

குழலின் உட்புறத்திலும் கிளேஸ் ஏறியிருந்ததால் விரல் எளிதில் நுழையவில்லை. எச்சில் தொட்டு அழுத்தி மாட்டிக்கொண்டு, தந்தியின் மேல் வைத்தான்.

அவன் இதை வாசித்துத் தேவி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அடுப்படியில் இருந்தாலும் தெருக்குழாயில் நின்றாலும், அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அழுது தொண்டை கட்டிய மனிதன் ஒருவன் அழுததை மறைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். இப்போது எழுந்தது அதுவன்று. வழவழவென்று, எங்கும் உரசாமல், எண்ணெயில் வழுக்கியதுபோல் ஒலி போயிற்று. சுரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு இடமும் பிசகவில்லை. அழுத மனிதனைத்தான் காணவில்லை.

டீக் குவளைகளோடு வாசற்படியில் நின்ற தேவிக்கு முதல் இழைப்பிலேயே விளங்கிவிட்டது. கரகரப்பு கையில் மட்டும் இருக்கவில்லை. கிளேஸ் இல்லாத அந்தச் சொரசொரப்பும் தந்தியும் இத்தனை வருடம் ஒன்றையொன்று தின்று பழகிய பழக்கத்தில் இருந்தது. அதைத்தான் அவள் இரண்டு முறை முக்கி மூடியிருந்தாள்.

அவன் நடுவில் நிறுத்தவில்லை. முடிவுவரை வாசித்துவிட்டு, தலையைத் தலையணையில் சாய்த்து மூச்சு வாங்கினான்.

"ரொம்ப நல்லா இருந்துது அண்ணா." பாரதி காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அடுத்ததைச் சொல்லச் சற்றுத் தயங்கினாள். "கேசட்டுல ஒரு கரகரப்பு இருக்குமே... அது இப்ப..."

தேவி வாயைத் திறந்தாள்.

"தேவி, அவங்களுக்கு டீ குடு, ஆறிடப்போவுது" என்றான் பூபாலன். பிறகு பாரதியிடம், "அப்ப சின்ன வயசும்மா. கை இருந்துது. இப்ப கை போயிடுச்சு. அவ்ளோதான்" என்றான்.

"இன்னொரு தடவ வாசிச்சுப் பாக்கறீங்களா?"

"வேணாம்மா. முடியல."

பாரதி விடைபெற்றுக்கொண்டு தெருவில் நின்ற காரில் சாமான்களை ஏற்றும்போது, தேவி பின்னால் ஓடிவந்தாள்.

"அவரு கை போவலம்மா. நாந்தான் கெடுத்தேன்." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், பசை கலந்ததையும் நடுத்தட்டில் வைக்கச் சொன்னதையும்கூட மறைக்கவில்லை.

பாரதி காரின் கதவைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள்.

"போன வாரம் மாணிக்கவேல் சாரையும் வாசிக்கச் சொன்னேங்க்கா. அவருக்கும் அந்தச் சத்தம் வரல. அன்னிக்கி வெச்சிருந்த ஆம்ப்ளிஃபயர் வெள்ளத்துல போயிடுச்சு, அதனாலதான்னு சொன்னாரு. அவரு சொன்னத நான் நம்பல. நீங்க சொல்றத நம்பறேன். ஆனா பாக்கறவங்களுக்கு எதக் காட்டுவேன்?"

"நான் வேற செஞ்சி தரேன். கிளேஸே போடாம. அச்சு இருக்குது, சூளை இருக்குது."

"அதுல அந்தச் சத்தம் வந்துடுமாக்கா?"

தேவியால் பொய் சொல்ல முடியவில்லை. "வாசிச்சு வாசிச்சுத்தான் பதம் வரணும்."

வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. தேவி உள்ளே ஓடினாள்.

மாசி மகத்துக்கு மறுநாள் வீடியோ வந்தது. பாரதி நேர்மையாகத்தான் பேசியிருந்தாள். மாணிக்கவேல் வாசித்ததையும் பூபாலன் வாசித்ததையும் அடுத்தடுத்துக் காட்டினாள். இருவரிடமும் அந்தக் குரல் வரவில்லை என்றும், வாசித்த கை யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும், அது யாராக இருந்தாலும் கொண்டாடப்பட வேண்டியவர் என்றும் முடித்திருந்தாள். வீடியோவின் கீழே கருத்து எழுதிய ஒருவர், சாமியானாவுக்கு அடியில் கச்சேரி வாசிக்கிறவரை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டிருந்தார். வேறொருவர் மாணிக்கவேலுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்.

பூபாலன் அனைத்தையும் படித்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான். பவுடர் டப்பாவைத் திறந்து, குழலை எடுத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினான். படம் எடுத்த நாளுக்குப் பிறகு அதைப் பற்றி அவன் அன்றுதான் பேசினான்.

"நல்லாத்தான் முக்கியிருக்க. ஒரு சொட்டுகூட நிக்கல."

அவன் திட்டியிருக்கலாம். எடுத்து எறிந்திருக்கலாம். தேவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சித்திரை வெயில் தொடங்கியதும் அவன் போய்விட்டான். அச்சுப் பிரிவுக்காரர்கள் சேர்ந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். பீங்கான் தொழிலாளி என்று சிறிய எழுத்தில் போட்டு, பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். தூரத்தில் வரும்போதே படிக்கும்படியாக, தொழிற்பேட்டைச் சுவர் நெடுக அது ஒட்டப்பட்டிருந்தது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில் தேவி அந்தச் சுவரருகே நின்றாள். ஒட்டியவன் பசையை அள்ளிப் பூசியிருந்தான். பெயருக்கு நேர் கீழே, தாளின் ஓரத்தில், அது வழிந்து சொட்டாக நின்று காய்ந்திருந்தது. அவள் முந்தானையை எச்சிலால் ஈரமாக்கி, அந்தச் சொட்டைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.