பேச்சு முதலில், பொன்னாடை பிறகு

கடையத்து முத்துச்செல்வி வாய்க்குப் பேர் போனவள். மாடியிலிருந்து விழுந்ததில் கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயினவே தவிர, வாய்க்கு ஒரு கீறல் கிடையாது. ஆனால் தென்காசி டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் பிசியோதெரபிக்குப் போகிற நாளில் மட்டும் அவள் வாடிப்போய்விடுவாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அங்கே கழிப்பறைக் கதவு அத்தனை ஒடுக்கம், அவளுடைய சக்கர நாற்காலி நுழையாது. அந்தக் கதவை மட்டும் அகலமாக்கிவிட்டால் போதும், வேறு ஒரு வரமும் வேண்டாம் என்றிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நோயாளிகளிடமும் கருத்துக் கேட்டு நடப்போம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு குழு போட்டார்கள். முத்துச்செல்வியும் உறுப்பினர். செயலாளர் நம்பிராஜன் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். விழா என்றால் மனுசனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

கூட்டத்தை எங்கே வைத்தார்கள் என்கிறீர்கள்? மாடியில்! லிப்ட் கிடையாது. கொடுமையைப் பாருங்கள், நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிப் படியேறினார்கள்.

"மெதுவாய்யா! சப்பரத்துல சாமியக்கூட இப்படி ஆட்டமாட்டாவ" என்று வழி நெடுகச் சத்தம் போட்டாள்.

அன்றைக்கென்று குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்திருந்தது. மேலே உட்கார்ந்திருந்த பாதிப்பேர் பையில், முடிந்ததும் குளிக்க ஓடத் துண்டு எட்டிப் பார்த்தது. நம் பக்கத்துக் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாதா? ஆளாளுக்குப் பொன்னாடை போர்த்தி, படம் பிடித்து, வடையும் டீயும் கொடுத்தால் கூட்டம் முடிந்தது. நம்பிராஜன் ஒவ்வொருவருக்காகப் போர்த்திக்கொண்டே வந்து, கடைசியாக முத்துச்செல்வி முன்னால் நின்றார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அண்ணாச்சி, மொதல்ல பேசுதேன். பெறவு போத்துங்க."

"பேச்செல்லாம் அடுத்த கூட்டத்துல வச்சுக்கிடலாம் தாயி. எல்லாருக்கும் சோலி கெடக்கு."

"அப்பம் இந்தத் துணி எனக்கு வேண்டாம்."

போட்டோ எடுக்க வந்த சுபாஷ் தலையைச் சொறிந்தான். "நோயாளிக்குப் போத்துத படம் இல்லாம பேப்பருக்குச் செய்தி போவாதே அண்ணாச்சி."

நம்பிராஜனுக்கு வியர்த்தது. "சரி தாயி, வெரசாப் பேசு."

"காலைல இருந்து நான் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. ஏன்னு யாராவது கேட்டியளா? கக்கூஸ் கதவுக்குள்ள என் வண்டி போவாது. தாகத்தோட வாரேன், தாகத்தோட போறேன்." நம்பிராஜன் கடிகாரத்தைப் பார்த்தார்; அவள் விடவில்லை. "எங்கிட்ட கேக்கணும்னுதான கூப்பிட்டிய? கேக்கதுக்கு மாடிக்கா தூக்குவாக? நாளைக்குக் கண்ணு தெரியாதவுக வருவாக, காது கேக்காதவுக வருவாக. அவுகளுக்கும் துணியப் போத்தி அனுப்பிருவியளா? அடுத்த கூட்டத்தக் கீழ போடுங்க."

பிசியோதெரபி பார்க்கும் ஷாரோனுக்கு முகம் செத்துவிட்டது. "தண்ணி நெறயக் குடிங்கன்னு நாந்தானக்கா ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றாள். கூட்டத்தில் இருந்த பெரிய டாக்டர் அங்கேயே கதவை அகலமாக்கச் சம்மதம் சொன்னார்.

"இப்பம் போத்துங்க" என்று கழுத்தை நீட்டினாள் முத்துச்செல்வி.

அடுத்த கூட்டம் கீழேயே நடந்தது. சுவரை இடித்துப் புதுக்கதவும் போட்டார்கள். நம்பிராஜன் சும்மா இருப்பாரா? கதவுக்குக் குறுக்கே ரோஸ் ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல், திறந்து வைக்கச் சென்னையிலிருந்து ஒரு டிரஸ்டி. அந்தப் புண்ணியவானோ குளித்துவிட்டு வருகிறேன் என்று ஐந்தருவிக்குப் போய், சீசன் நெரிசலில் மாட்டிக்கொண்டார்.

புதுக்கதவை நம்பி முத்துச்செல்வி அன்றைக்கு ஆசை தீரக் குடித்திருந்தாள். வீட்டில் ஒரு சொம்பு, வரும் வழியில் இளநீர், வாசலில் ஷாரோன் கொடுத்த மோர்.

"அண்ணாச்சி, இன்னும் எவ்வளவு நேரம்?"

"கெளம்பிட்டாராம் தாயி, கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பேன் அண்ணாச்சி. அது பொறுக்காதுல்லா!"

சக்கரத்தை ஓங்கித் தள்ளினாள். ரிப்பன் நெஞ்சில் முட்டி, இழுபட்டு, பட்டென்று அறுந்தது. நாற்காலி ஒரு இடத்திலும் உரசாமல் உள்ளே போனது. தாழ்ப்பாள் விழுந்தது.

கத்தரிக்கோல் தட்டோடு நம்பிராஜன் மலைத்துப்போய் நின்றார். "ஏம்மா, விருந்தாளி இன்னும் வரலியே..."

"தொறந்தாச்சு அண்ணாச்சி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கையத் தட்டுங்க!"