கட்டிலுக்குக் கீழே கடல்

உலகத்திலுள்ள கடல்கள் அனைத்தும் மாம்புரியில்தான் தொடங்குகின்றன. மற்ற நாடுகளுக்குப் போவதெல்லாம் இங்கிருந்து மிஞ்சின தண்ணீர். கற்பிட்டி இறங்குதுறைத் தேநீர்க்கடையில், பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தபடி, முஆஸ் இதைச் சிரிக்காமல் சொன்னான். சிரிக்காததால் கடையில் பாதிப்பேர் நம்பிவிட்டார்கள்.

"அப்படிப்பட்ட ஊர்க்காரன் ஹனிமூனுக்குத் தீவு தேடிப் போறதா? கடல் இல்லாத ஊர்க்காரனுக்கு வாற வருத்தம்டா அது," என்றான் மாம்புரிக்காரனான முஆஸ்.

எதிரே இருந்த நுஸ்கி அவனுடைய பள்ளிக்கூடச் சினேகிதன். டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிப்போவது அவன் தொழில். அன்றைக்கும் கொழும்பிலிருந்து ஒரு புதுச்சோடி வந்திருந்தது. இருவரும் செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகை நோக்கி நடந்தார்கள்.

"பாரு மச்சான், ரெண்டு தோடம்பழம் கைகோத்துக்கொண்டு போகுது," என்றான் முஆஸ். "அதைப் போட்டவனை மீன்கூட மதிக்காது."

"நீ போடமாட்டாயோ?"

"நான் செத்தாலும் என்ட மையத்துக்கும் போடவேணாம். கடைசி வஸிய்யத்து எண்டு வச்சுக்கொள்."

இதில் சொல்லாமல் விட்ட சின்ன விசயம் ஒன்று உண்டு. முஆஸ் தன் வாழ்நாளில் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. மாம்புரியில் பாதி வீடுகள் கடலைப் பார்த்தபடி இருக்கும், பாதி வீடுகள் கடலுக்கு முதுகைக் காட்டியபடி இருக்கும். அவனுடையது முதுகு காட்டும் கட்சி. வாப்பா ஜப்பாருக்கு வெங்காயத் தோட்டம். அவனுக்கு நுரைச்சோலையில் உரக்கடை. சின்ன வயதில் ஒருதரம் யாரோ விளையாட்டுக்கு அவனைத் தூக்கி வள்ளத்தில் வைத்துத் தள்ளினார்கள். மணலை விட்டு வள்ளம் அசைந்தபோது, காலுக்குக் கீழே நிலம் என்று ஒன்று இல்லை என்பது அவனுக்கு விளங்கியது. அவன் போட்ட சத்தத்தில் கரைவலை இழுத்தவர்கள் வலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

ஆனால் பெண்வீட்டாரான கனமூலைக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. தென்னந்தோப்பும் வியாபாரமுமாக உள்ளே இருக்கும் ஊர் அது. அங்கே மாம்புரி என்றால் கடல், கடல் என்றால் நீச்சல், அவ்வளவுதான் கணக்கு. பெண் பார்க்கப் போன அன்று, "மாப்பிள்ளைக்குக் கடல் பழக்கம்தானே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கதவுச்சீலைக்குப் பின்னால் ஒரு வளையல் அசைந்தது. முஆஸின் வாய் அவனைக் கேட்காமலே, "கடல்தான் எங்கட வாசல்," என்றது.

அந்த வளையலுக்குச் சொந்தக்காரி றுஷ்னா. காவின், அதாவது கலியாணப் பதிவு, எழுதியாயிற்று. கலியாணம் ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து. இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டோடு போய் இருக்க வேண்டும் என்பதால், கனமூலையில் அவர்களுக்கென்று ஓர் அறை எழும்பிக்கொண்டிருந்தது. காவின் முடிந்தபின் போனில் கதைக்கத் தடையில்லை. தடையில்லாத கதையில் முதலாவதாக வந்தது மாலைதீவு.

அவள் அனுப்பிய படத்தில், தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி நின்றது ஒரு மரவீடு. கட்டிலுக்குக் கீழே தரையில் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே கடல். கடலுக்குள் ஒரு மீன், முஆஸை அடையாளம் கண்டதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி இரிக்கி?" என்றாள்.

"வடிவுதான். ஆனா பலகை. பலகை உக்கும் றுஷ்னா. உப்புக்காத்துக்கு ஆணியெல்லாம் துருப்பிடிக்கும். எங்களுக்குத் தெரியும்தானே."

பாலிக்கு, அங்கே அலை சரியில்லை என்றான். லங்காவிக்கு, அங்கே அலையே இல்லை, அது என்ன கடல் என்றான். திருகோணமலைப் புறாத் தீவுக்கு, புறாவே இல்லாத இடத்துக்கு அந்தப் பெயர் வைத்தவனை நம்பி எப்படிப் போவது என்றான். ஒவ்வொரு விளம்பரத்தையும் அவன் கடைசி வரியிலிருந்துதான் படித்தான். எல்லாவற்றிலும் அந்த வரி ஒன்றுதான்: அங்கிருந்து படகில் செல்லலாம்.

"நுவரெலியா?" என்று மெல்ல விட்டுப்பார்த்தான்.

"மலை வேணாம்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாங்க கடலுக்குப் போறதெண்டா வேன் பிடிச்சுக் குடும்பத்தோட போறது. நானாமார், தம்பிமாரெல்லாம் இறங்கிக் குளிப்பாங்க. நானும் உம்மாவும் பாயைப் போட்டு புரியாணிச் சட்டிக்குக் காவல். எல்லார்ட செருப்பையும் போனையும் நான்தான் பாத்துக்கொள்றது. ஒருக்கா எண்டாலும் கழுத்தளவு தண்ணில நிக்கணும். யாரும் பாக்காத இடத்துல. நீங்க பக்கத்துல நிண்டாப் பயமில்லைதானே?"

முஆஸ் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தான். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "கடைக்கு ஆள் வந்திட்டு," என்று வைத்துவிட்டான். கடையில் யூரியா மூட்டைகளைத் தவிர ஆள் இல்லை.

மறுநாளிலிருந்து தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் நீச்சல் பழகினான். சீமெந்துத் தொட்டி. நாலு தரம் கையை வீசினால் மறுசுவர். கால் எட்டும் என்பதுதான் அதன் ஒரே சிறப்பு. மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினால் மேலே வாப்பா நிற்கிறார்.

"என்னடா செய்றாய்?"

"குளிக்கிறன் வாப்பா."

"மூணு நாளா வெங்காயத்துக்குச் சவர்க்காரத் தண்ணி போகுது. கலியாணத்துக்கு இவ்வளவு ஊத்தை எங்க இருந்துடா சேர்ந்த?"

அந்தக் கிழமை உம்மா மஹ்மூதா சோற்றுக் கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மகன், கனமூலை மாமி போன்ல கோல் எடுத்த."

"என்னவாம்?"

"நீ எந்த இடத்துக்கும் வரமாட்டனெண்டு நிக்கிறியாம். பிள்ளை சாப்பிடாமக் கிடக்காம். மாப்பிள்ளைட மனசுல வேற யாரும் இரிக்கோ எண்டு பிள்ளைட உம்மா முஃபீதா என்னட்ட கேக்கா. நான் என்ன சொல்ல?" உம்மா குரலைத் தாழ்த்தினாள். "அறைக்குப் பூச்சு வேலையை நிப்பாட்டிட்டாங்களாம். மேசனைப் பிறகு வா எண்டு அனுப்பிட்டாங்க."

முஆஸின் கையில் சோறு அப்படியே நின்றது. கலியாண வீடென்றால் கோபம் வரும், அழுகை வரும், சமாதானம் வரும். மேசனை அனுப்பினால் விசயம் அந்தக் கட்டங்களையெல்லாம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பூசாத செங்கல் சுவர் அவன் கண்ணுக்குள் நின்றது. அதற்குள் இருந்திருக்க வேண்டிய ஆள் அவன்.

கையைக் கழுவிக்கொண்டு, தொட்டியடிக்குப் போய்க் கோல் எடுத்தான். றுஷ்னா எடுத்தாள்.

"றுஷ்னா, எனக்கு மனசுல வேற யாருமில்லை. அல்லாஹ் மேல ஆணையா."

"அப்ப ஏன் எல்லாத்துக்கும் நொட்டை சொல்றீங்க? என்னோட வாறதுக்கு வெக்கமா?"

எனக்குப் பயம் என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். வாயைத் திறந்தான். தேநீர்க்கடையில் பழகிய வாய், பழகிய பக்கமே திரும்பியது. "வெக்கமா! மாலைதீவுல என்ன இரிக்கி, எங்கட கடல்ல இல்லாதது? எங்கட கடலை உங்களுக்குக் காட்டணும் எண்டுதான் நான் எதுக்கும் ஓம் சொல்லல்ல!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு சிரிப்புப் போல ஒன்று.

"அதை முதலே சொல்றதுதானே. அப்ப உச்சமுனைக்குப் போவம். கற்பிட்டிக்கு அங்கால. அங்க தங்குறதுக்குக் கபானா இரிக்காம். ஆளே இல்லாத கரையாம். உங்கட கூட்டாளிட படகுலயே போகலாம்."

"ஓம்," என்றது வாய்.

அன்று பின்னேரமே மேசன் வந்துவிட்டார் என்று உம்மா சொன்னாள். முஆஸுக்கு அது சந்தோசமான செய்திதான். சந்தோசத்தில் இரண்டு நாள் வயிற்றோட்டம். விமானத்தில் பறந்து, பெரிய விசைப்படகில் ஐம்பது பேரோடு போயிருக்க வேண்டியவன், தன் வாயாலேயே நுஸ்கியின் சின்னப் படகில் கொண்டுபோய்த் தன்னை ஏற்றியிருந்தான்.

கலியாணம் நல்லபடி நடந்தது. புது அறையில் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. அதற்குள் ஒரு வெள்ளைக் காலையில் இருவரும் இறங்குதுறைக்கு வந்து நின்றார்கள். றுஷ்னா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அபாயாவை ஒரு கையால் பிடித்தபடி, படிக்கட்டில் இறங்குவதுபோலப் படகில் இறங்கிவிட்டாள். நுஸ்கி அவளுக்கு ஒரு ஜாக்கெட்டைக் கொடுத்தான்.

"இவருக்கு?" என்றாள்.

"இவருக்கா மச்சி? இவர்ட மையத்துக்கும் வேணாமாம்," என்றான் நுஸ்கி, கடைக்காரருக்கும் கேட்கும்படி. இருந்தாலும் ஒன்றைப் பலகைக்கடியில் எறிந்தான். "சட்டத்துக்காக."

கடையில் சிரிப்பு எழுந்தது. முஆஸும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஏறினான், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். எஞ்சின் உறுமியது. கரை தன்னைவிட்டுப் போவதை உடம்பு முழுக்க உணர்ந்தான். பலகைக்குக் கீழே, சின்ன வயதில் அன்றைக்கு இல்லாமல் போன அதே நிலம், மறுபடி இல்லை.

றுஷ்னா தண்ணீருக்குள் விரலை விட்டு, அது கிழித்துக்கொண்டு போகும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள். அவன் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, எடுக்க மறந்துவிட்டான். பலகையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவள் அந்த விரல்களையே பார்த்தாள்.

"நீங்க எவ்வளவு தூரம் நீந்துவீங்க?" என்று, நுஸ்கிக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

முஆஸ் கடலைப் பார்த்தான். வாயைத் திறந்தான். வாய் முதல் தடவையாக அவன் சொல்லுக்குக் காத்திருந்தது.

"எங்கட தொட்டி நீளம்."

மாலைதீவு, பாலி, லங்காவி, புறாத் தீவு எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முகத்தைக் கடந்துபோவது தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அப்ப வேற யாருமில்லை," என்றாள்.

"இல்லை."

"செருப்பைக் கழட்டித் தாங்க. நான் வச்சுக்கொள்றன்."

செருப்பை வாங்கித் தன்னுடையதோடு சேர்த்து மடியில் வைத்தாள். பிறகு வெறுங்காலால், பலகைக்கடியில் கிடந்ததை அவன் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டு, முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மச்சான், இதுல களப்புத் தண்ணி இடுப்பளவுதான்!" என்று பின்னாலிருந்து நுஸ்கி கத்தினான்.

முஆஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கலியாணத்துக்குத் தைத்த சேட்டின் மேல் செம்மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டி, வாரை ஒவ்வொன்றாகப் பூட்டி, இழுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.