மோத்தி தின்ற கொள்ளு

குதிரை மோத்தியின் விலா எலும்புகள் வெளியே தெரியத் தொடங்கியபோது எல்லோரும் அப்பாவின் மடியைத்தான் பார்த்தார்கள். ரேஷன் காலம். தானியம் கைமாறினால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ராயபுரம் ரயிலடியில் சவாரிக்கு நிற்கும் ஜட்கா வண்டிகளில் மூன்று, சௌக்கத் அலி பாயுடையவை. அவருடைய குதிரைகளைத் தேய்த்து, தீனி வைத்து, லாயம் கழுவுவது என் அப்பா வேலப்பனின் வேலை. லாயத்தை ஒட்டிய அறையில்தான் குடியிருந்தோம். ஆறாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டதிலிருந்து குதிரைகள் போடும் லத்தியை அள்ளுவது என் பங்கு.

மற்ற இரண்டு குதிரைகளும் மினுமினுவென்று இருந்தன. மோத்தி மட்டும் ஏன் இளைக்கிறது என்று பாய் ஒருநாள் லாயத்து வாசலில் நின்று கேட்டார்.

“இன்னா வேலப்பா, கொள்ளு இது வாய்க்குப் போவுதா, உன் வூட்டு அடுப்புக்குப் போவுதா?”

அப்பா தலை நிமிராமல் மோத்தியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. முந்தின ஞாயிறு அம்மா கொள்ளுத் துவையல் அரைத்திருந்தாள். கடையில் வாங்கியது என்றாள். எந்தக் கடை என்று கேட்க வாய் வரவில்லை. அப்பா குளிக்கப் போனபோது அவர் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். குதிரை வாசனைதான் வந்தது.

மறுநாள் முதல் கொள்ளு பாய் வீட்டில் ஊறியது. அவரே கொண்டுவந்து வைத்து, மோத்தி கடைசி வாய் தின்னும்வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் அது இன்னும் இளைத்தது. வேலப்பன் ஏதோ மருந்து வைக்கிறான் என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் குதிரை தேறாவிட்டால் வேலையும் இல்லை, அறையும் இல்லை என்று பாய் சொல்லிவிட்டார்.

வியாழன் காலை மோத்தியின் லத்தியை அள்ளும்போது கூடை கனத்தது. ஓர் உருண்டையைப் பிட்டுப் பார்த்தேன். உள்ளே முழுசு முழுசாகக் கொள்ளு, தோல்கூடக் கிழியாமல். மற்ற குதிரைகளுடையதையும் பிட்டேன். வெறும் புல் நார்.

பாயிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கூடையை அவர் காலடியில் வைத்து இரண்டு உருண்டைகளை உடைத்துக் காட்டினேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா கூடையைப் பார்த்ததும் மோத்தியின் நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, கடைவாயைத் தடவினார். விரலில் ரத்தம் வந்தது. பல்லின் ஓரம் கத்திபோல் வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தது. மெல்ல முடியாமல், மெத்தென்று ஊறிய கொள்ளை அப்படியே விழுங்கியிருக்கிறது.

“தீனி காலியாவுதான்னுதான் பாத்துகினு இருந்தேன் பாய். மெல்லுதான்னு பாக்கல. அது என் தப்பு.”

லாடம் அடிக்கும் வரதன் வந்து அரத்தால் பல்லை ராவினார். பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, அறையைக் காலி செய்ய வேண்டாம், நாளையிலிருந்து கொள்ளை லாயத்திலேயே ஊறப்போடலாம் என்றார்.

அப்பா வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“வோணாம் பாய். உங்க வூட்லயே ஊறட்டும்.”

பாய் சிரிக்கப் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் விடியும்போது பாய் ஊறிய கொள்ளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.