கேட் கீப்பரின் மனைவி திரும்பி வந்தாளா

"போதும் அண்ணி, கருகிடப் போகுது" என்று நாத்தனார் வந்து இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

தையல்காரம்மா அப்போதும் காலரை விடவில்லை. சட்டைக்குக் காலர்தான் முகம் என்று ஊரார் துணியெல்லாம் தைத்துக் கொடுத்தவள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அண்ணனின் காலர் மடிப்பை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்க நாத்தனாருக்கு மனசு வரவில்லை. சட்டையை வாங்கித் தன் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். அவர் அதை மடிப்புக் கலையாமல் கையில் ஏந்திக்கொண்டு, உடம்பை எடுத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனார்.

முந்தின நாள் காலைவரை அந்தச் சட்டைக்காரர் நன்றாகத்தான் இருந்தார். ஊரில் பாதி லிஃப்டுகளுக்கு வைத்தியம் பார்த்த மனுஷன். சொந்தக் கட்டடத்து லிஃப்ட் மட்டும் மாசக்கணக்கில் கெட்டுக் கிடந்தது. குடியிருப்போர் சங்கத்தோடு ஏதோ வாய்த் தகராறு. "அவனுங்களா வந்து கேக்கட்டும்" என்று வீம்பு பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பால் வாங்கிக்கொண்டு வரும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் கொஞ்சம் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் படிக்கட்டில் போய்ச் சேர்ந்தார் என்றால் அக்கம்பக்கத்தில் அழுவதா என்ன செய்வதா என்று யாருக்கும் விளங்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?"

சொன்னார். "அந்தப் படத்துல அப்படி ஒரு சீனே கிடையாதுடி. நீ தூங்கிட்டே" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். இதைப் போய் யாரிடம் சொல்வது? "ஒண்ணும் சொல்லலை" என்று தையல்காரம்மா சொல்லிவைத்தாள்.

அது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். கல்யாணமான புதிதில் வீடியோ டெக்கும் கேசட்டும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்தது. ஒரு ரயில்வே கேட் கீப்பர். அவனோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் மனைவி ஒருநாள் ரயிலேறிப் போய்விடுவாள். கேட் மூடும், வண்டி போகும், அவன் பெஞ்சில் ஒண்டியாக உட்கார்ந்திருப்பான், அத்தோடு படம் முடிந்தது என்பது அவர் கட்சி. அதற்கப்புறமும் உண்டு என்பது இவள் கட்சி. கொட்டுகிற மழையில், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, தண்டவாளத்தோரமாக அவள் நடந்தே திரும்பி வருவாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருவான்.

விடிந்ததும் கடைக்காரன் வந்து கேசட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு தியேட்டரில் பார்த்தாலும் டிவியில் பார்த்தாலும் அவர் கட்சிதான் ஜெயித்தது. "எங்கடி காணோம் உன் ஆளை? வண்டி லேட்டா?" என்பார். அன்றைக்குத் தன் மடியில் தலைவைத்துக் குறட்டை விட்டவரே அவர்தான் என்று இவள் சத்தியம் பண்ணுவாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இந்தச் சண்டைதான் செல்லமாக வளர்ந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் பின்னறை நிறையப் பழைய டெக்குகளையும் கேசட்டுகளையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். கிழவருக்குப் பொழுது போகட்டும் என்று இவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

மத்தியானத்துக்கு மேல் முன்பின் தெரியாத இரண்டு பேர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்கள். சின்ன வயசுப் பெண் ஒருத்தி, பல் டாக்டராம். கூட வந்த பருத்த மனுஷர் பேக்கரி வைத்திருப்பவர். பேக்கரிக்காரர் வாசலிலேயே நின்று குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். சொந்தக்காரர்கள்கூட அப்படி அழவில்லை.

"நாங்க மாமாவோட சேந்து பழைய கேசட்டுங்களை எடுத்துக் காப்பாத்துறவங்க ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் தயங்கினாள். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. மெஷினுக்குள்ள ஒரு கேசட் இருக்கும். பூஞ்சை பிடிச்சது. உள்ளேயே கிடந்தா நாடா ஒட்டிக்கிட்டுப் பிஞ்சிடும். எடுத்துக்கலாமா?"

"சாவு வீட்டுக்கு வந்து கேசட் கேக்குறாங்களே, என்ன ஜென்மங்களோ" என்று நாத்தனார் காதில் விழும்படியே முணுமுணுத்தாள்.

தையல்காரம்மா எழுந்து பின்னறைக் கதவைத் திறந்துவிட்டாள். பல் டாக்டர் டெக்கின் மூடியைக் கழற்றி, கடைவாய்ப் பல் பிடுங்குகிற பதவிசோடு கேசட்டை வெளியே எடுத்தாள். நாடா அறுந்திருக்கவில்லை. பேக்கரிக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டே அதைக் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டார்.

"என்ன படம்?" என்று கேட்டாள் தையல்காரம்மா.

இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேட் கீப்பர் படம்மா" என்றார் பேக்கரிக்காரர். "தியேட்டர்ல ஓடினது ஒரு மாதிரி. வீட்ல பாக்குறதுக்குக் கேசட் போட்டப்போ, அவனவன் கைக்குக் கிடைச்ச பிரதியை வெச்சுக் காப்பி எடுத்துட்டான். சிலதுல வெட்டிப் போட்ட சீன் அப்படியே இருக்கும். படம் எடுத்தவங்களே அதைத் தேடலை. எங்களை மாதிரிக் கிறுக்குங்கதான் வீடு வீடா ஏறித் தேடுறோம்."

"அவ திரும்பி வர்ற முடிவுக்கு எங்களுக்குள்ள 'தையல்காரம்மா முடிவு'ன்னே பேரு ஆன்ட்டி. போன வாரம் வரைக்கும் அதைப் பார்த்த ஒரே ஆளு நீங்கதான்."

"நானா? அவர்தான் அப்படி ஒண்ணு இல்லவே இல்லைம்பாரே!"

"எங்ககிட்ட அப்படிச் சொல்லலையேம்மா" என்றார் பேக்கரிக்காரர். "'என் வீட்டுக்காரி பார்த்தேன்னா பார்த்ததுதான். அன்னிக்குத் தூங்கினது நான்'னு எப்பவோ ஒத்துக்கிட்டாரே."

தையல்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவர்கள் வேறு யாரோ ஒரு மனுஷனைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று இருந்தது. வீட்டில் ஒரு பேச்சு, வெளியில் ஒரு பேச்சா? இத்தனை வருஷம் தன்னோடு சாப்பிட்டு, சண்டை போட்டு, தூங்கி எழுந்தவர் இதில் எவர்?

"போன வாரம்தான் இந்தக் கேசட் கிடைச்சது" என்றாள் அந்தப் பெண். "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுப் போன் பண்ணினார். 'அம்மா, அவ வந்துட்டா'ன்னு அப்படி ஒரு சந்தோஷம். ஆனா வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்கன்னார்."

"ஏன்?"

"கல்யாண நாளுக்குப் போட்டுக் காட்டலாம்னு இருந்திருப்பாரும்மா" என்றார் பேக்கரிக்காரர்.

"படம் ரொம்ப மங்கல் ஆன்ட்டி. சுத்தம் பண்ணிட்டுக் காட்டலாம்னு..." என்று இழுத்தாள் பல் டாக்டர்.

இரண்டு பேருக்கும் தெரியவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. போன வாரமே பார்த்துவிட்டவர் நேற்றுக் காலையில் எந்த வாயால் "நீ தூங்கிட்டே" என்றார்? தோற்கப் பிடிக்காத வீம்பா? விளையாட்டா? சொல்லும்போது சிரித்தாரா என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. குரல் ஞாபகம் இருந்தது, செருப்புச் சத்தம் ஞாபகம் இருந்தது. முகம் மட்டும் வரமாட்டேன் என்றது. பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

"போடும்மா, பாக்கலாம்" என்றாள்.

"இப்பவா ஆன்ட்டி?"

"வேற எப்போ?"

அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டு, கம்ப்யூட்டரில் அவர் ஏற்றிவைத்திருந்ததைச் சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டாள். திரை முழுக்கப் புள்ளியும் கோடுமாக இருந்தது. கேட் மூடியது. வண்டி போனது. பெஞ்சில் அவன் ஒண்டியாக உட்கார்ந்திருந்தான். அவர் கட்சி முடிகிற இடம் அதுதான். படம் நிற்கவில்லை. மழை வலுத்தது. தண்டவாளத்தோரமாகப் புகைமாதிரி ஏதோ அசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்ணாயிற்று. கையில் செருப்பு. அவள் வந்து நின்றாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பெஞ்சில் ஒரு ஓரமாக நகர்ந்தான்.

பேக்கரிக்காரர் மறுபடி அழத் தொடங்கினார்.

"நீங்க சொன்னதுதான் ஆன்ட்டி! ஒரு சொட்டு மாறலை" என்று பல் டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயித்தாயிற்று. தையல்காரம்மா பக்கத்தில் திரும்பினாள், வாய்கூடத் திறந்துவிட்டது. அங்கே டெக்குகள்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. "படுபாவி" என்றாள். அப்போதுதான் முதல்முறையாகக் கண்ணீர் வந்தது.

கீழே வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நாத்தனாரின் கணவர் குரல் படிக்கட்டில் எதிரொலித்தது. "மெதுவா... தலைப்பக்கம் தூக்கிப் பிடி... திருப்பத்துல பாத்து."

தையல்காரம்மா சட்டென்று எழுந்தாள்.

"அணைம்மா, அணை! அவர் வந்துட்டார்" என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "நான் பாத்துட்டேன்னு ரெண்டு பேரும் மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சுதா?"

அந்தப் பெண் பேக்கரிக்காரரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். திரை இருண்டது.

தையல்காரம்மா இரண்டு கையாலும் முகத்தை அழுந்தத் துடைத்தாள். ஒன்றும் தெரியாதவள்போல் முன்னறைக்குப் போய், வாசலை மறித்துக்கொண்டிருந்த நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டாள்.