தோளுக்குக் கீழே

1

தொப்பி எடுத்துவர மறந்ததால் பிறந்த கதை இது. இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைச் சொல்ல ஆசைதான். ஆனால் முதல் பத்தியிலேயே புளுக ஆரம்பித்தால், பிறகு நீங்கள் எதையும் நம்ப மாட்டீர்கள். பெயர்பெற்ற பெண்கள் பெரிய அரங்கில் பயிற்சி செய்வதைப் பார்க்கத்தான் அந்த டென்னிஸ் போட்டிக்குப் போனேன். அங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வெளியே வந்து, நிழல் விழுந்த ஒரு பலகை வரிசையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். ஓரத்துக் கோர்ட். பெண்கள் ஒற்றையர் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

(தெரியாதவர்களுக்காக: தரவரிசையில் முன்னால் இருப்பவர்களுக்குப் பெரிய போட்டியில் நேராக இடம் உண்டு. மற்றவர்கள் முந்தைய வாரமே வந்து தங்களுக்குள் மோதி, மிஞ்சுகிற சிலர் மட்டும் உள்ளே போவார்கள். தெரிந்தவர்கள் இந்த அடைப்புக்குறியை ஏற்கெனவே தாண்டிப் போயிருப்பீர்கள்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘அவள் புலியைப் போல’ — வேண்டாம். புலி சர்வ் போடாது.

‘முப்பத்து மூன்று வயது என்பது டென்னிஸில்’ — இது கட்டுரையாகிவிடும், நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.

‘அக்கா ஒருபோதும் கைதட்ட மாட்டாள்’ — இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.

அக்கா ஒருபோதும் கைதட்ட மாட்டாள். தங்கை ஜெயித்தாலும் தோற்றாலும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தங்கைக்குப் பயிற்சியாளர் அவள்தான். சமையல், டிரைவர் வேலை, மட்டைக்கு நரம்பு கட்டுவது, தோற்ற அன்று வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பது எல்லாமே அவள் பொறுப்பு. நான் போய் உட்கார்ந்தது இந்த அக்காவுக்குப் பக்கத்து இடத்தில். ஆட்டத்தின்போது அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம். மிச்சத்தை எல்லாம் சில நாள் கழித்து, கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த கேன்டீனில், காபி ஆறிப்போகும்வரை சொன்னாள்.

தங்கையை மற்ற ஆட்டக்காரிகள் ‘பசை’ என்பார்கள்.* எங்கே அடித்தாலும் அங்கே போய்ப் பந்தோடு ஒட்டிக்கொள்வாள். அவளை ஜெயிப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும். ஆனாலும் இத்தனை வருஷத்தில் பெரிய போட்டி எதிலும் அவள் தகுதிச் சுற்றைத் தாண்டி உள்ளே போனதில்லை. ஒவ்வொரு முறையும் கதவு வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறாள். அது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று மூன்று பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். கதவு வரைக்கும் போய்த் திரும்பியவர்களுக்கு அது எழுதாமலே தெரியும்.

* கையில் காசு இருப்பதையும் ‘பசை’ என்று சொல்வதுண்டு. அந்தப் பசை அவளிடம் இருந்ததில்லை என்று அக்காவே சிரித்தாள்.

3

முதல் செட்டை அவள் ஜெயித்தாள். மூன்றில் இரண்டு செட் ஜெயித்தால் போதும் என்பதால், வேண்டியது இன்னும் ஒன்றுதான். இரண்டாவது செட்டின் தொடக்கத்தில் சர்வ் போடக் கையை ஓங்கினாள். அடித்தபின் கை இறங்கிய விதத்திலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கொக்கியில் மாட்டிய சட்டை நழுவி விழுவதைப் போல விழுந்தது என்று பிறகு சொன்னாள்.

பிசியோ வந்து தோளை அழுத்திப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார். காது வரைக்கும் வந்த கை அதற்கு மேல் போக மறுத்தது. இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று அவர் சொன்னார். பசை பலகையில் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்தாள்.

“மேல போகாது, சரி. கீழ வேலை செய்யுமா?”

“இப்போதைக்குச் செய்யும்.”

“அப்ப கீழயே ஆடறேன்.”

சர்வ் போட வேண்டிய இடத்தில் போய் நின்றாள். பந்தைத் தலைக்கு மேலே எறியாமல் இடுப்பருகே விட்டு, மட்டையைக் கீழிருந்து கொண்டுபோய்த் தட்டினாள். வீட்டு வாசலில் குழந்தைக்குப் பந்து போடுவார்களே, கிட்டத்தட்ட அப்படி. பலகை வரிசைகளில் சிரிப்பு கிளம்பியது. போன்கள் உயர்ந்தன. இது அனுமதிதானா என்று நான் பக்கத்தில் கேட்டேன். அக்கா திரும்பாமலே, “சட்டத்துல இருக்கு” என்றாள். அவள் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

இரண்டாவது செட் கையைவிட்டுப் போனது. மெதுவாக வரும் பந்தை எதிராளி விளாசித் தள்ளினாள். சிரித்தவர்கள் அலுத்துப்போய் எழுந்து செல்ல ஆரம்பித்தார்கள்.

4

எதிராளி விஷயத்தில் எனக்குத் தகராறு இருக்கிறது.

அவள் இளம் பெண், நல்ல உயரம். ‘நெட்டை’ என்று கூப்பிடுவார்கள். முதல் பிரதியில் அவள் உதட்டில் ஒரு ஏளனத்தை வைத்தேன். புருவத்தை உயர்த்தினேன். மூன்றாவது செட்டில் அவள் நேராக நடுவரிடம் போய் ஏதோ கேட்டதை, கீழ்க்கை சர்வைப் பற்றிய புகார் என்றே எழுதினேன். கதைக்கு ஒரு பொல்லாதவள் இருந்தால் வசதி, நாற்காலிக்கு நாலாவது கால் கிடைத்த மாதிரி.

கேன்டீனில் அக்கா அந்தக் காலை உருவிவிட்டாள். நெட்டை கேட்டது என்ன என்று ஆட்டம் முடிந்ததும் நடுவரே அவளிடம் சொன்னாராம். “இவங்க சிரிக்கறத நிறுத்தச் சொல்லுங்க. என்னால ஆட முடியல.” அவ்வளவுதான். தனக்காகக் கேட்டாளா, பசைக்காகக் கேட்டாளா? அக்காவுக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள் என்றாள். எழுதவில்லை. ஏளனத்தைத் துடைத்துவிட்டேன். புருவம் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

அதற்குள் மூன்றாவது செட்டில் வேறு ஏதோ நடக்க ஆரம்பித்திருந்தது. பசை அந்தக் கீழ்க்கை சர்வை வைத்தே வேலை காட்டினாள். ஒன்றை வலையைத் தாண்டியதும் செத்து விழும்படி போட்டாள். நெட்டை முன்னால் ஓடி வந்து குனிய வேண்டியிருந்தது. அடுத்ததை ஓரத்துக்குச் சுழற்றிவிட்டாள். மூன்றாவது, ஒன்றுமே இல்லாத சாதாரணப் பந்து. என்ன வரப்போகிறது என்று யோசித்து யோசித்தே நெட்டையின் கால்கள் கட்டிப்போயின. அடிக்கத் தெரிந்தவளுக்கு அடிப்பதற்குக் கனமான பந்து கிடைக்கவில்லை.

நெட்டையும் மூளைக்காரிதான். தலைக்கு மேல் வரும் பந்தை இவளால் தொட முடியாது என்று பிடித்துவிட்டாள். உயர உயரத் தூக்கிப் போட்டாள். பசை ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் பின்னால் ஓடினாள். பந்து தரையில் குதித்து, மேலே போய், இடுப்புக்கு இறங்கும்வரை காத்திருந்து அடித்தாள். மற்றவர்கள் ஒரே அடியில் முடித்துவிடும் பந்துக்கு இவள் அத்தனை தூரம் ஓடினாள். எழுந்து போனவர்கள் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் நின்றபடியே பார்த்தார்கள். நான் வெயிலுக்கு வந்துவிட்டிருந்தேன். எப்போது நகர்ந்தேன் என்று தெரியவில்லை.

(இந்த இடத்தில் ‘மன உறுதி’ என்று எழுதி, பார்த்து, எடுத்துவிட்டேன். நான் பார்த்தது அதுவல்ல. ஒரு பெண் தன்னிடம் எது மிச்சம் இருக்கிறது என்று கணக்காகத் தெரிந்துகொண்டு, அதை முழுக்கப் பயன்படுத்தியதைப் பார்த்தேன். அதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்று இன்னும் தேடுகிறேன்.)

5

கடைசிப் பந்து. மூன்றாவது செட் சமமாகவே போய், முடிவு கட்டும் டை-பிரேக் வரைக்கும் இழுத்துவிட்டது; ஜெயிக்கப் பசைக்கு இன்னும் ஒரே புள்ளி தேவை. நெட்டை தூக்கிப் போட்டாள். பந்து வானத்தில் தொங்கியது. பசை ஓடினாள். இறங்கும்வரை காத்திருந்தாள். கோட்டை ஒட்டி நேராக அடித்தாள். வலைக்கருகே வந்துவிட்ட நெட்டை எட்டித் தட்டினாள்; பந்து வலையிலேயே விழுந்தது.

சத்தத்தை நான் வருணிக்கப் போவதில்லை. இரண்டு பேரும் வலைக்கு வந்தார்கள். வழக்கமாக வலது கையைத்தான் குலுக்குவார்கள். நெட்டை மட்டையை மாற்றிக்கொண்டு இடது கையை நீட்டினாள். பசை ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

அக்கா அப்போதும் கைதட்டவில்லை. கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன.

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும் வைத்தேன், ஒரு வாரம்.

6

ஆனால் மறுநாள் காலை மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தோளின் தசைநார் பாதி கிழிந்திருந்தது. ஓய்வெடுத்தால் சேரும். இன்னொரு ஆட்டம் ஆடினால் முழுக்கக் கிழியலாம். அப்புறம் எப்போது ஆடலாம் என்பதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

முதல் சுற்று அடுத்த நாள், பெரிய அரங்கில், போன வருஷம் கோப்பையை வாங்கியவளோடு. பசை விலகினால் அந்த இடம் காலியாகப் போகாது. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டங்களில் தோற்றவர்களில் தரவரிசையில் முன்னால் இருப்பவருக்குப் போகும். அது நெட்டை.

அறைக்கு வந்ததும் அக்கா ஐஸ் பையை அவள் தோளில் வைத்துக் கட்டினாள்.

“ஆடுனா தோளு போயிடும். ஆடலன்னா அந்தப் பொண்ணு ஆடப் போகுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“அவளுக்கு இடம் குடுக்கறதுக்கா அவளத் தோக்கடிச்சேன்?”

“அப்படிச் சொல்லல.”

“நேத்து நிறுத்தியிருந்தா தோளும் இருந்திருக்கும், அவளும் போயிருப்பா. நீ ஏன்கா ஒண்ணும் சொல்லல?”

அக்கா முடிச்சை இறுக்கினாள். நேற்று நிறுத்தச் சொல்லியிருந்தால் நீ என்னை மன்னித்திருக்க மாட்டாய் என்றாள். இன்றைக்கும் மாட்டேன் என்றாள் தங்கை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது தோள் வலித்தது.

மத்தியானம் உடைமாற்றும் அறையில் நெட்டை பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கும் போயிருந்தது. பசையைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“அக்கா, விலகிடாதீங்க.”

“ஏன்?”

“விலகுனா எனக்குச் சந்தோஷமா இருக்கும். அது எனக்குப் பிடிக்கல.”

பசை அவளை உட்காரவைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். உன் பின்கை அடி இரண்டாவது செட்டில் பிரமாதம் என்றாள். மூன்றாவது செட்டில்? எனக் கேட்டாள் நெட்டை. அவசரப்பட்டாய் என்றாள் பசை. கொஞ்ச நேரம் அதைப் பற்றித்தான் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

7

முடிவுகள் இரண்டை எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவதில் அவள் ஆடுகிறாள். பெரிய அரங்கு, கீழ்க்கை சர்வ், சீக்கிரமே தோல்வி. வெளியேறும்போது மொத்த அரங்கும் எழுந்து நிற்கிறது. எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது. மறுநாள் படித்தபோது கோபம் வந்தது. நாம் எழுந்து நிற்பதற்காக அவள் தோளைச் செலவழிக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது?

இரண்டாவதில் விலகுகிறாள். நெட்டை ஆடுவதை அக்காவோடு உட்கார்ந்து பார்க்கிறாள். ‘தியாகம்’ என்ற சொல் தானாக வந்து பேனாவின் முனையில் நின்றது. விரட்டினேன். ஒரு பெண் விட்டுக்கொடுத்தால்தான் நமக்குக் கதை முடிந்த நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியின் மேல் எனக்குச் சந்தேகம்.

மூன்றாவதாக, ‘தோள் ஒரே ராத்திரியில்’ — சரி, சிரிக்காதீர்கள், எழுதிப் பார்த்தேன்.

நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அக்கா சொன்னாள். அதை இங்கே எழுதினால் மற்றது தப்பு என்றாகிவிடும். இரண்டுமே தப்பில்லை. முந்தின நாள் அவள் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு, அவள் எதைத் தேர்ந்தாலும் அவள்மேல் உள்ள மதிப்பு ஒரு குண்டுமணி குறையாது. எனக்குக் குறையவில்லை.

8

ஆகவே இந்த இடம் வரைக்கும்தான் கூட்டி வருகிறேன்.

ஸ்கேன் பார்த்த அன்று சாயங்காலம். போட்டி அலுவலகம் ஒரு நீளமான கூடத்தின் கோடியில் இருந்தது. அக்காவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் நடந்தாள். சுவரில் பெண்கள் ஒற்றையர் பட்டியல் பெரிதாக ஒட்டியிருந்தது. நின்று தன் பெயரைத் தேடினாள். கிடைத்தது. எழுத்துப் பிழை இல்லாமல் போட்டிருந்தார்கள். அதுவே அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

இடது கையால் கதவைத் தள்ளினாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அலுவலர் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். வந்தது யார் என்று பார்த்ததும் கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. என்ன முடிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. நேற்று அவரும் அந்த ஓரத்துக் கோர்ட்டில் நின்றபடி பார்த்தவர்தான். அதனால் சுருக்கமாக, மரியாதையாக,

“சொல்லுங்க” என்றார்.