பன்னிரண்டாவது துண்டு

மனைவியின் நீலச் சட்டையை இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை உள்ளே பிடித்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தார் தையல்காரர். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மாதத்தில் அவ்வளவு இளைத்திருந்தாள். தொளதொளவென்று அவளை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"அக்கா உயிரோட இருந்தப்போ ஒரு பட்டன் வைக்க மூணு மாசம் இழுத்தடிச்சீங்க. இன்னிக்கு அரை மணியில முடிச்சிட்டீங்களே அத்தான்!" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள் மச்சினி. அவரும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் மனதை அரித்துக்கொண்டிருந்த நினைப்பு மறுபடி வந்தது. மனைவி வைரஸ்களின் புரதக் கூட்டை ஆராய்ந்தவள். முப்பது வருடமாகச் சாயங்காலமானால் அந்தப் பேச்சுதான். இவர் மிஷினை மிதித்தபடி ம் கொட்டுவார். நேற்றுக் காலையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என்னமோ சொன்னாள். "கேட்டீங்களா?" என்றாள். "ம்" என்றார். மத்தியானம் போய்விட்டாள். என்ன சொன்னாள் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவள் பேசியதில் ஒன்றைக்கூடக் காதில் வாங்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சாப்பாட்டு மேசையில் அவளுடைய மாணவர்கள் மூன்று பேர், மலர்வளையத்துக்குப் பதிலாக அந்த வைரஸ் கூட்டையே கெட்டி அட்டையில் வெட்டிப் பந்தாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஓட்டை மூடவே இல்லை. ஒல்லிக்குச்சி என்று மனைவி செல்லமாகக் கூப்பிட்ட பெண் அழுத்திப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் பிய்த்துக்கொண்டது.

"பசை சரியில்ல" என்றான் ஒருவன்.

தையல்காரர் ஊசியைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு, பந்தைச் சுற்றித் திருப்பிப் பார்த்தார். "பசை இல்லப்பா, துண்டு. அஞ்சு பக்கத் துண்டு பதினொண்ணுதான் வச்சிருக்கீங்க. கூடு சின்னதோ பெருசோ, பன்னெண்டு இல்லாம மூடாது. ஆறு பக்கத் துண்டு எத்தனை சேத்தாலும் விரிப்பு மாதிரி படுத்துக்கும். அஞ்சு பக்கம்தான் வளைச்சுக் குடுக்கும், சட்டையை மடிச்சுத் தைச்சு டாட் பிடிக்கிற மாதிரி."

மூவரும் எண்ணினார்கள். பதினொன்றுதான். ஒல்லிக்குச்சி அசடு வழிந்தாள். "சார், இதெல்லாம் மேடம் சொல்லிக்குடுத்தாங்களா?"

"சொல்லிக்குடுக்கல. சும்மா பேசிட்டிருப்பா." சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார்.

"வேற என்ன பேசுவாங்க?"

அவர் புது அட்டையையும் கத்தரியையும் எடுத்தார். "கூடுன்னா வெறும் டப்பா இல்லம்மா. வெளிய சுத்துறப்போ உள்ள இருக்கிற சரக்குக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, அவ்வளவு கெட்டி. ஆனா போய்ச் சேர வேண்டிய செல்லுக்குள்ள போனதும் தானா திறந்துக்கணும். அதை நினைச்சு நினைச்சு ஆச்சரியப்படுவா. இன்னொண்ணு, அதை யாரும் உக்காந்து தைக்கிறதில்ல. துண்டுங்க தானா வந்து சேந்துக்கும். உங்க கடையில அப்படி ஒரு பட்டன் காஜாவாவது விழுமான்னு என்னைக் கிண்டல் பண்ணுவா..."

மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது, பேச்சு நிற்கவில்லை. ஒன்றைச் சொன்னால் அடுத்தது தானாக வந்தது.

உடலை எடுத்துப் போக வந்த வண்டிக்காரர் வாசலில் நின்று, நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாக இருந்த நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.